படையினரும் சுங்கானும் (புகைக்குழாய்): கண்காட்சிக்கு மூன்று விளக்கச் சீட்டு, ஒட்ட முன்னம் பார்த்துத் திருத்துங்கோ

1 | உட்துறைமுகம்
வணக்கம். திருகோணமலையில் ஒரு பள்ளிக்கூட வரலாற்றுக் கண்காட்சி. பழைய அலுமாரியில் கிடந்த மூன்று சாமான்களை வைக்கிறோம். எங்கே எடுத்தது, யார் கொடுத்தது என்று பதிவு எதுவும் இல்லை. எழுதியிருக்கிற சீட்டு இது:
(அ) வெள்ளைக் களிமண் குழாய்த் துண்டுகள், 11. "ஒல்லாந்தப் போர்வீரர் புகைத்த சுங்கான். 17ஆம் நூற்றாண்டு."
(ஆ) பித்தளைப் பெட்டி, மூடியில் பெண் தலை. "1914 நத்தாருக்கு ஒவ்வொரு படைவீரனுக்கும் சுங்கானும் புகையிலையும் போட்டுக் கொடுத்த பெட்டி."
(இ) மரச் சுங்கான், கழுத்தில் வெள்ளிப் பூண். பூணில் நங்கூர முத்திரை. "கடற்படைச் சுங்கான். போர்க்களத்தில் உடைந்த தண்டைத் தோட்டாக் கோதால் பொருத்தியதிலிருந்து வந்த வடிவம்."
பிழை இருந்தால் சொல்லுங்கோ.

2 | பழங்கலம்
ரீச்சர், மூன்றிலும் பிழை இருக்கிறது. களிமண்ணிலிருந்து தொடங்குவம்.

"ஒல்லாந்தர்" என்று எழுத என்ன ஆதாரம்? திருகோணமலைக் கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டியது 1624இல். 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர், அதே வருசம் ஓகஸ்டில் சுஃப்ரனின் பிரெஞ்சுக் கப்பற்படை, பிறகு திரும்ப ஒல்லாந்தர், 1795இல் மறுபடி ஆங்கிலேயர். பிரெட்ரிக் கோட்டை என்ற பெயரே 1803இல் வந்ததுதான். இத்தனை பேரும் புகைத்திருக்கலாம். வெள்ளையாய் இருந்தால் ஒல்லாந்தச் சுங்கான் என்று முடிவுகட்ட ஏலாது. இங்கிலாந்திலும் அதே நிறக் களிமண்ணில்தான் செய்தார்கள்.

துண்டுகளை மூன்று குவியலாகப் பிரியுங்கோ: கிண்ணம் (புகையிலை போடுகிற இடம்) உள்ளவை, குதி உள்ளவை, வெறும் தண்டு. கிண்ணத்துக்கு அடியில் சின்னதாய் நீட்டிக்கொண்டிருக்கிறதுதான் குதி. காலத்தைச் சொல்வது அதிகம் கிண்ணமும் குதியும். ஆரம்பக் கிண்ணம் மிகச் சின்னது, நடுவில் வயிறு புடைத்து வாய் ஒடுங்கியிருக்கும், ஏனென்றால் புகையிலை விலை அப்படி. விலை இறங்க இறங்கக் கிண்ணம் பெருத்தது, வாய் விரிந்தது. குதியின் அடியிலும் இரண்டு பக்கத்திலும் முத்திரை இருக்கிறதா என்று வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கோ. நேரே அடிக்கிற வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது.

கழுவுவதென்றால் தண்ணீரும் மெல்லிய தூரிகையும் மட்டும். உள்ளே கறுப்பாய்ப் படிந்திருப்பதைச் சுரண்ட வேண்டாம். அது புகைத்ததற்கான அடையாளம்.

3 | கச்சான்காற்று
அண்ணன், தண்டின்ர ஓட்டையை அளந்து வருசம் சொல்ற முறை ஒண்டு இருக்காமே? உண்மையா, இல்லாட்டி கதையா?

4 | பழங்கலம்
உண்மைதான் தம்பி, ஆனால் அதற்கு எல்லை உண்டு. 1954இல் ஹரிங்ரன் என்ற அமெரிக்க அகழ்வாய்வாளர் கண்டது: காலம் போகப் போகத் தண்டின் துளை ஒடுங்குகிறது. அவர் கொடுத்த கணக்கு, அங்குலத்தை 64 பங்காக்கி: 1620–1650 வரை பெரும்பான்மை 8, 1650–1680 வரை 7, 1680–1720 வரை 6, 1720–1750 வரை 5, 1750–1800 வரை 4. 1962இல் பின்ஃபோர்ட் என்ற இன்னொரு அகழ்வாய்வாளர் அதை ஒரு சூத்திரமாக்கினார்: 1931.85இலிருந்து, சராசரித் துளையை 38.26ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும்.

அளக்கத் துளைபோடும் அலகுகள் போதும், 64இல் 4 முதல் 9 வரை. கூர் முனையை விடக் கூடாது, வழுவழுப்பான பின்பக்கத்தை விட வேண்டும். இறுக்காமல், ஆடாமல் எது போகிறதோ அதுதான் அளவு. உடைந்த வாயில் மண் அடைத்திருந்தால் முதலில் மெல்லிய ஈர்க்கால் எடுங்கோ. கிண்ணத்தோடு ஒட்டிய பக்கத்தில் அளக்கக் கூடாது, அங்கே கம்பி இழுபட்டுத் துளை அகன்றிருக்கும்.

செய்முறை தெரிந்தால் இதெல்லாம் விளங்கும். உருட்டிய களிமண் திரிக்குள் எண்ணெய் தடவிய கம்பியைச் செலுத்தி, இரண்டு பாதி இரும்பு அச்சுக்குள் வைத்து நெருக்கி, மேலிருந்து ஒரு குத்தியால் கிண்ணத்தைக் குடைந்து, கம்பியை உருவிவிட்டுச் சூளையில் வைப்பார்கள். துளை என்பது அந்தக் கம்பியின் தடம்தான்.

எங்கே பிழைக்கும்? ஒற்றைத் துண்டுக்கு இந்தக் கணக்கு செல்லாது, பெருந்தொகைத் துண்டு வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் கடைசியோடு சூத்திரம் உடைந்துவிடும். மூன்றாவது இங்கே முக்கியம்: கணக்குப் போட்டது ஆங்கிலேயச் சுங்கான்களை வைத்து. ஒல்லாந்தக் கம்பி வேறு, அதனால் ஒல்லாந்தத் துண்டுக்கு வருகிற வருசம் தள்ளாடும்.

5 | உட்துறைமுகம்
அளந்து பார்த்தோம். 4 அளவில் 4 துண்டு, 5 அளவில் 5, 6 அளவில் 2. குதி உள்ளது ஒன்றுதான். அதன் பக்கத்தில் புள்ளி புள்ளியாய் ஒரு சின்னக் கேடயம், அதற்கு மேல் பாம்பு நெளிந்த மாதிரி ஒரு எழுத்து.

6 | பழங்கலம்
ரீச்சர், உங்கள் 17ஆம் நூற்றாண்டு அங்கேயே போய்விட்டது.

அந்தக் கேடயம் ஒல்லாந்தின் கௌடா நகரத்துச் சின்னம். புள்ளிகள் ஆறு நட்சத்திரங்கள், இந்தச் சிறிய அளவில் புள்ளியாய்த்தான் தெரியும். மேலே நெளிவது எஸ் எழுத்து, "சாதாரணத் தரம்" என்பதற்கு ஒல்லாந்தச் சொல்லின் முதலெழுத்து. இந்தப் பக்க முத்திரை 1740ஐ ஒட்டித்தான் வழக்கத்துக்கு வந்தது. ஆக அந்தத் துண்டு அதற்கு முந்தியதாக இருக்க வழியில்லை. கௌடாவின் முத்திரையை வேறு ஊர்ச் சூளைக்காரர் களவாய்ப் போட்டதும் உண்டு, ஆகவே "கௌடா பாணி" என்று எழுதுவது பாதுகாப்பு.

துளைக் கணக்கு: 16, 25, 12 கூட்டினால் 53. பதினொன்றால் பிரிக்க 4.82 அளவில் வரும். சூத்திரத்தில் போட்டால் 1747. முத்திரையோடு பொருந்துகிறதே என்று துள்ள வேண்டாம், பதினொரு துண்டு ஒன்றுக்கும் காணாது. தற்செயல் என்றே வைத்துக்கொள்ளுங்கோ.

இன்னொன்று. சுங்கான் கௌடாவுடையது என்பதால் புகைத்தவன் ஒல்லாந்தன் ஆகமாட்டான். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் படையில் ஜேர்மன்காரர், மலாயர், 1780களில் த மெரோன் என்ற சுவிஸ் படையணி எல்லாம் இருந்தார்கள். அந்தச் சுவிஸ் படையே 1795இல் ஆங்கிலேயர் பக்கம் மாறிவிட்டது. முத்திரை சொல்வது சூளையின் பெயரை.

இதில் ஒரு வேடிக்கை: ஒல்லாந்துக்கே சுங்கான் தொழிலைக் கொண்டுபோனவர்கள் ஆங்கிலேயர்தான், அதில் கூலிப்படையாய் அங்கே போன சிப்பாய்களும் சேர்த்தி. 1618–48 முப்பதாண்டுப் போர் அந்தப் பழக்கத்தை ஐரோப்பா முழுக்க நடைபயணமாய்க் கொண்டுபோனது. துருக்கியில் நான்காம் முராத் 1633இல் புகையிலையைத் தடைசெய்து மரண தண்டனை வைத்தார். சிப்பாய்களையும் விடவில்லை.

7 | தண்டும்கிண்ணமும்
ஏன் எல்லா இடத்திலும் உடைந்த துண்டுகளே கிடைக்கின்றன என்று பிள்ளைகள் கேட்பார்கள். பதில் எழுதி வையுங்கோ.

களிமண் சுங்கான் சட்டை மடிப்பில் நசிந்தாலே தண்டு முறியும். முறிந்தால் எறிவதில்லை, முனையைக் கல்லில் தேய்த்துவிட்டு மிச்சத்தைப் புகைப்பார்கள். ஒரு சாண் தண்டு மூன்று அங்குலக் கட்டையாகிவிடும். கட்டைத் தண்டு சிப்பாய்க்கு வசதி, பையில் உடையாது, பல்லில் கடித்தபடி இரண்டு கையாலும் வேலை பார்க்கலாம். விலை என்னவென்றால் புகை சூடாய் வந்து நாக்கைச் சுடும். வருசக் கணக்காய் ஒரே இடத்தில் கடித்தால் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் தேய்ந்து, வாயை மூடினாலும் வட்டமாய் ஒரு ஓட்டை தெரியும். பழைய இடுகாட்டு எலும்புகளில் அகழ்வாய்வாளர் சுங்கான்காரனை அடையாளம் காண்பது அந்தப் பல்லை வைத்துத்தான்.

புதுக் களிமண் ஈரத்தை உறிஞ்சும், உதட்டுத் தோல் ஒட்டிக்கொண்டு உரியும். அதனால் வாய்ப்பக்கத்துக்கு மெழுகோ மெருகோ பூசுவார்கள், இல்லாவிட்டால் தண்ணீரில் நனைத்துவிட்டு வைப்பார்கள். கிண்ணத்தைக் கையால் பிடிக்க ஏலாது, கொதிக்கும். கசடு ஏறி நாறினால் விறகடுப்புத் தணலில் போட்டு வைக்க, கறுப்பு எரிந்து திரும்ப வெள்ளையாய் வரும். தணலோடேயே ஆறவிட வேண்டும். சூட்டோடு ஈரத்தரையில் வைத்தால் டக்கென்று வெடிக்கும்.

8 | கச்சான்காற்று
கப்பல்காரரும் இதுதானே? படத்தில எல்லா மாலுமியும் வாயில சுங்கானோட நிக்கிறான்.

9 | நங்கூரம்
படத்தில் நிற்பான். பாய்க்கப்பலில் நினைத்த இடத்தில் பற்றவைக்க விடமாட்டார்கள். தார், சணல், பாய்த்துணி, அடியில் வெடிமருந்து. அடுப்படிப் பக்கம், முன்தளம் என்று ஒதுக்கின இடத்தில்தான் புகை. காவலில், பாய்மரத்தில் நிற்கிறவனுக்குச் சப்பல்தான். புகைத்ததைவிடச் சப்பியது அதிகம் என்று சொன்னாலும் பிழையில்லை.

ஆங்கிலேயக் கடற்படையின் கைவேலை ஒன்று இருக்கிறது, அதைக் கண்காட்சியில் செய்தே காட்டலாம், புகையிலைக்குப் பதில் வாழைச்சருகை வைத்து. கப்பலில் காய்ந்த இலையாகவே புகையிலை விற்பார்கள், தீர்வை இல்லாமல். 20ஆம் நூற்றாண்டில் மாதம் 1 இறாத்தல். இலையாகவோ, அரை இறாத்தல் பேணியாகவோ எடுக்கலாம். இலை எடுத்தவன் செய்வது இது:

முதலில் நடு நரம்பை உரிப்பான். நரம்பு கிடந்தால் திணிப்பு ஒருசீராய் இராது, எரிகிறபோது வெடித்து அணையும். பிறகு இலைக்கு றம் தெளிப்பான். தெளிப்புத்தான், ஊறப்போடுவதில்லை. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக்காரர் இலைக்குக் கோடா போடுகிற அதே யோசனை: இலை பதப்படும், மணம் ஏறும். சின்ன இலை உள்ளே, பெரிய இலை வெளியே என்று அடுக்கி, நடு பருத்து இரண்டு முனையும் கூம்பிய உருளையாய்ச் சுருட்டுவான். அதன்மேல் கித்தான் துணி ஒரு சுற்று.

இனித்தான் வேலை. தார்க்கயிற்றைத் தூங்குமஞ்சம் மாட்டுகிற இரண்டு கொக்கிக்கிடையில் விறைப்பாய்க் கட்டி, உருளையை அதில் வைத்து, உடம்புப் பாரத்தோடு சாய்ந்து உருட்டி உருட்டி ஒரு முனையிலிருந்து மறு முனைவரை இடைவெளி இல்லாமல் சுற்ற வேண்டும். கையால் மட்டும் சுற்றினால் அந்த இறுக்கம் வராது. பிறகு கிழமைக் கணக்கில் பதமாக விடுவான். முடிந்தபின் கயிற்றை ஒரு முனையில் மட்டும் தளர்த்தி, கத்தியால் நாணயம் போல மெல்லிசாய்ச் சீவி, உள்ளங்கையில் கசக்கிச் சுங்கானில் போடுவான்.

பிழைக்கிற இடங்கள்: றம் கூடினால் நடுவில் பூஞ்சணம், வெளியே தெரியாது, வெட்டும்போதுதான் மணக்கும். கட்டு தளர்ந்தால் காய்ந்து தூளாகும். கித்தான் இல்லாமல் கயிற்றை நேரே சுற்றினால் புகை முழுக்கத் தார்.

நம்மூர்க் காற்றுக்கு இந்தக் கட்டு ஏன் பொருத்தம் என்று பாருங்கோ. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் திறந்து வைத்த தூள் புகையிலை ஒரே நாளில் மொறுமொறுத்துப் போகும், வாடைக்காற்றும் மாரியும் வந்தால் பூஞ்சணம் பிடிக்கும். இறுக்கிக் கட்டிய உருளை இரண்டுக்கும் தாங்கும். 1957வரை இந்தத் துறைமுகத்தை வைத்திருந்தவர்களுக்கு அது சும்மா அலங்காரமில்லை.

10 | தண்டும்கிண்ணமும்
நங்கூரம் அண்ணன் சொன்னதோடு ஒன்று. கடற்காற்றில் தூள் வெட்டு நிற்காது, பொறி பறக்கும். அழுத்தித் தகடாய் வெட்டிய புகையிலையை மடித்துத் திணித்தால் மெதுவாய் எரியும், நெருப்பு கிண்ணத்துக்குள்ளேயே கிடக்கும். பற்றவைத்ததும் புகையிலை பொங்கிச் சுவரைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் மழையில் கிண்ணத்தைத் தலைகீழாய்த் திருப்பிக்கொண்டும் புகைக்க முடிந்தது. மூடி போட்ட சுங்கானும் உண்டு, ஓட்டை போட்ட உலோக மூடி. காற்றை மறைக்கும், ஆனால் சூட்டையும் பிடித்து வைக்கும், ஈரம் கூடும், அடியில் கொறகொற என்று சத்தம் வரும்.

11 | நங்கூரம்
(ஆ) பெட்டிக்கு வருவம். மூடியில் இருப்பது இளவரசி மேரி, ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் மகள். "ஒவ்வொரு படைவீரனுக்கும் சுங்கான்" என்பது பிழை.

புகைப்பவனுக்கு: 1 அவுன்ஸ் சுங்கான் புகையிலை, 20 சிகரெட், ஒரு சுங்கான், ஒரு தீமூட்டி, நத்தார் அட்டை, இளவரசியின் படம். பெட்டியின் ஆழம் ஒன்றேகால் அங்குலம்தான், சுங்கான் அதற்குள் அடங்காது, வெளியே தனியாய்க் கொடுத்தது. ஆகவே "போட்டுக் கொடுத்த" என்பதும் பிழை. புகைக்காதவனுக்கு: புளிப்பு மிட்டாய், எழுதுபொருள் உறை, பென்சில்.

இந்தியப் படையினருக்கு வேறு. கூர்க்காக்களுக்கு வெள்ளைக்காரருக்குக் கொடுத்த அதே சாமான். சீக்கியருக்குக் கற்கண்டும் சமையலுக்குப் போடுகிற வாசனைத் திரவியப் பேணியும், புகையிலை இல்லை, அவர்கள் மதத்தில் விலக்கு. மற்ற இந்தியருக்கு சிகரெட், கற்கண்டு, வாசனைத் திரவியம். சுங்கான் இல்லை. பிள்ளைகளுக்கு இதைத்தான் எழுத வேண்டும்.

மூடியின் ஓரத்தில் நேச நாடுகளின் பெயர்கள் பொறித்திருக்கும். யப்பானும் இருக்கும், தேடிப் பாருங்கோ. 1914இல் கூட்டாளி. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலையில் குண்டு போட்டதும் அதே யப்பான்தான். இந்த ஊரில் அந்தப் பெட்டியை வைப்பதற்கு அந்த ஒரு சொல்லே போதும்.

12 | வெள்ளிப்பூண்
(இ) என் பாடு. பூணில் நங்கூரம் என்றால் கடற்படை இல்லை ரீச்சர்! அது பேர்மிங்ஹாம் நகரத்து வெள்ளிப் பரிசோதனைச் சாலையின் முத்திரை. பக்கத்தில் நடக்கிற சிங்கம் இருந்தால் வெள்ளி நூற்றுக்கு 92.5. ஒரு தனி எழுத்து இருக்கும், அது வருசம். எழுத்தின் வடிவத்தையும் அதைச் சுற்றியுள்ள கேடய வடிவத்தையும் சேர்த்துத்தான் அட்டவணையில் பார்க்க வேண்டும், எழுத்து மட்டும் பார்த்தால் கால் நூற்றாண்டு தவறும். பிரித்தானிய அரசாங்கச் சொத்துக்குப் போடுகிற குறி அகன்ற அம்புத்தலை.

தோட்டாக் கோதுக் கதை எல்லாரும் விரும்புகிற கதை. தண்டு நுனி கூம்பாய், பூணுக்குள் சும்மா செருகுகிற இந்தப் பொருத்தை "ஆமி மவுண்ட்" என்றே சொல்வார்கள். ஆனால் டப்ளினில் பீற்றர்சன் கம்பனி 1890களிலேயே இப்படிப் பூண் போட்டு விற்றது. உலகப் போர் பிறக்கவில்லை. சிப்பாய் யாராவது கோதால் பொருத்தியிருக்கலாம், வடிவம் அங்கிருந்து வந்ததல்ல.

படைக்கு ஏன் பிடித்தது என்றால்: சாதாரணச் சுங்கானில் தண்டின் மெல்லிய முளை மரத்துளைக்குள் இறுகி நிற்கும். சூட்டிலும் ஈரத்திலும் மரம் பொங்கும். அந்த நேரத்தில் இழுத்தால் முளை முறியும், இல்லாவிட்டால் கழுத்து வெடிக்கும். கூம்புத் தண்டில் முளை கிடையாது, பூண் கழுத்தைப் பிடித்திருக்கும். சூட்டோடு உருவி, தண்ணியை உதறிவிட்டுச் செருகலாம். இரண்டாய்ப் பிரித்துச் சட்டைப்பையிலும் போடலாம்.

தண்டையும் பாருங்கோ. பச்சைப் பழுப்பாய் வெளிறி, துணியால் தேய்த்தால் கந்தக மணம் வந்தால் வல்கனைற், கந்தகம் சேர்த்து இறுக்கிய இறப்பர். மணம் இல்லாமல் பளபளவென்றிருந்தால் பிந்திய பிளாஸ்ரிக், மாற்றிப் போட்ட தண்டாக இருக்கும்.

13 | கச்சான்காற்று
அப்ப அமெரிக்கத் தளபதி மக்ஆர்தர்? அந்தச் சோளப்பொத்திச் சுங்கான்?

14 | வெள்ளிப்பூண்
மிசூரி மாநிலத்து வாஷிங்ரன் என்ற சிற்றூர்ச் சாமான், 1869இலிருந்து செய்கிறார்கள். காயவைத்த பொத்தியைக் குடைந்து, வெளிப்பள்ளங்களைச் சுண்ணச்சாந்தால் நிரப்பித் தேய்ப்பார்கள். மலிவு, இலேசு, முதல் நாளே இனிக்கும், அடி எரிந்து ஓட்டையானால் எறியலாம். அவருடைய உயரக் கிண்ணம் படத்துக்கு அழகு. அந்த ஆழத்தில் அடிப்புகையிலை நனைந்து எரியாமல் மிஞ்சும். நம்ம ரீச்சரின் மூன்று சாமானுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, விடு தம்பி.

15 | உட்துறைமுகம்
ஒரு கேள்வி. இவ்வளவு வசதியான சாமான் ஏன் படையிலிருந்து போனது?

16 | தண்டும்கிண்ணமும்
நேரம்தான். ஒரு கிண்ணம் ஒழுங்காய்ப் புகைக்க அரை மணிக்கு மேல். அடியில் தளர்வாய், மேலே இறுக்கமாய்த் திணித்து, ஒருமுறை பற்றவைத்துப் பொங்கவிட்டு, அமுக்கி, இரண்டாம் முறை பற்றவைத்து, இடையிடையே அமுக்கி... போர்க்களப் பதுங்குகுழியில் ஈரத் தீக்குச்சியோடு அதைச் செய்து பாருங்கோ. சிகரெட் ஐந்து நிமிடம், அணைத்துக் காதில் செருகலாம். பொன்சாக் என்பவரின் சிகரெட் இயந்திரத்துக்கு 1881இல் காப்புரிமை, அதிலிருந்து விலையும் விழுந்தது.

பங்கீட்டையும் பாருங்கோ. 1914–18இல் பிரித்தானியச் சிப்பாய்க்குக் கிழமைக்கு 2 அவுன்ஸ், புகையிலையாகவோ சிகரெட்டாகவோ. ஒரு கிண்ணத்துக்கு இரண்டு, இரண்டரைக் கிராம் என்று வைத்தால் நாளுக்கு மூன்று நாலு கிண்ணம், அவ்வளவுதான். ஜேர்மன் பங்கீட்டில் நாளுக்கு 2 சுருட்டும் 2 சிகரெட்டும், அல்லது சுங்கான் புகையிலை. சிப்பாய் எதைத் தெரிவுசெய்வான்? ஜேர்மன்காரரின் நீண்ட பீங்கான் சுங்கான், படையணிப் பெயரும் தோழர் பெயர்களும் எழுதியது, சேவை முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோகிற நினைவுச் சின்னம். போர்க்களத்துச் சாமான் இல்லை.

ஒன்றில் மட்டும் சுங்கான் மேல்: இரவில் கிண்ணம் தணலை மறைக்கும், சிகரெட் நுனி தூரத்துக்குத் தெரியும். தீக்குச்சி உரசுகிற கணம் இரண்டுக்கும் ஒரே ஆபத்து.

17 | மட்டுறுத்துநர்
இரண்டு விசயம். 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் புகையிலை விற்பது 2006ஆம் ஆண்டு 27ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். கண்காட்சி மேசையில் உண்மைப் புகையிலை வேண்டாம், நங்கூரம் சொன்ன வாழைச்சருகே போதும். இந்த இழையைப் பார்த்துவிட்டுக் கோட்டையடியில் யாரும் மண் கிண்டவும் வேண்டாம். தொல்பொருட் சட்டம் 1940ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது, கண்ணில் பட்டால் திணைக்களத்துக்கு அறிவிப்பதுதான் முறை.

18 | உட்துறைமுகம்
நன்றி எல்லாருக்கும். திருத்திய சீட்டு:
(அ) "களிமண் சுங்கான் துண்டுகள், 11. ஒன்றில் கௌடா நகர முத்திரை: ஒல்லாந்துச் செய்கை, 1740க்குப் பின். மற்றவை தெரியாது. புகைத்தவர் யாரென்று தெரியாது."
(ஆ) "இளவரசி மேரி பெட்டி, 1914. புகைத்தவர், புகைக்காதவர், கூர்க்கா, சீக்கியர், மற்ற இந்தியர் என்று உள்ளிருந்தது வேறுபட்டது. ஓரத்தில் யப்பானின் பெயரைக் கண்டுபிடியுங்கள்."
(இ) "மரச் சுங்கான். செருகு தண்டு. வெள்ளிப் பூண், பேர்மிங்ஹாம் முத்திரை."

19 | பழங்கலம்
நல்லது. (அ)வில் "ஒல்லாந்துச் செய்கை" என்பதைக் "கௌடா பாணி" ஆக்குங்கோ, ஆறாம் பதிவில் சொன்ன களவு முத்திரை நினைவிருக்கட்டும். துண்டுகளைப் பஞ்சில் வைக்காதேயுங்கோ, இழை துளைக்குள் போய்ச் சிக்கும். மணல் பரப்பின தட்டு போதும்.

20 | வெள்ளிப்பூண்
வருச எழுத்து என்னவென்று சொல்லவில்லையே ரீச்சர். பூணைச் சாம்பலோ பற்பசையோ போட்டுத் தேய்க்காமல், சாய்ந்த வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கோ.